பாலந்தாங்கியின் பெறுமதி

என் ராசாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று மட்டும் அடுத்த முறை போனில் சொல்லிவிடாதே. எடுத்திருந்தால் திருப்பிக் கொடு. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு நிறுத்தினால் நீ கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ உன் அப்பாவைப்போல. காரணம் கேட்பாய், காரணத்துக்கும் காரணம் கேட்பாய், கடைசியில் நினைத்ததைத்தான் செய்வாய். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை பிளேன் ஏறுகிற ஒருவரின் கையில் கொடுத்துவிடப் போகிறேன். நீ பேப்பர் வாசிக்கிறமாதிரி தலைப்பையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், முழுவதையும் வாசி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிய வேகத்தில் எனக்கு முதலில் பாதி விளங்கவில்லை. "அம்மா, அந்தத் தேயிலைப் பெட்டியை ஒருத்தரும் தொடவேண்டாம். வெள்ளிக் கையுறைக்காரி உள்ளுக்க இருக்கிறாள்தானே? மூலை மழுங்கேல்லையே?" என்றாய். யாரோ அந்தப் படக்கதைக்காரியை வைத்துச் சினிமாப் படம் எடுக்கப் போகிறார்களாம். அவள் வந்த கதைப் புத்தகம் சில இதழ்களோடு நின்றுபோனதாம். அதனால் அந்த நாளில் ஒருவரும் அதைப் பத்திரப்படுத்தவில்லையாம். அச்சுக்கூடத்திலிருந்து நேற்று வந்ததுபோல இருக்கிற பிரதி உலகத்திலேயே கைவிரலுக்குள் அடங்குமாம். சேகரிக்கிறவர்கள் அதற்காக ஆளுக்காள் அடிபடுகிறார்களாம். நல்லது, அங்கே வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். "அவைக்குப் பிடிக்கத் தெரியாது. மடிச்சுப் போடுவினம். நானே வந்து கையில கொண்டு போறன்" என்றாய். வேண்டாம் ராசா, நிலைமை சரியில்லை என்றேன். அப்போதுதான் சொன்னாய்: "உங்களுக்கு அதின்ர பெறுமதி தெரியாது, அம்மா. தெரிஞ்சிருந்தா அண்டைக்கு அப்பிடிச் செய்திருக்க மாட்டியள்." இத்தனை வருடத்தில் அன்றைக்கு நடந்ததைப் பற்றி நீ வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்த பிறகுதான் அசைந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடக் கூட நொந்தது.

நிலைமை என்று நான் சொன்னது என்ன என்று நீ கேட்கவில்லை. போனில் நானும் சொல்லமாட்டேன். கீழ் வீட்டு ரீச்சரை உனக்குத் தெரியும், உனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவ. அவவின் மகனுக்கும் உன் வயதுதான். தங்கச்சியின் கலியாணத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து வந்தான். போன் கார்ட் வாங்கச் சந்திக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளை வான் ஒன்று நின்றது என்று கடைக்காரர் முதலில் சொன்னார். பிறகு, தான் ஒன்றையும் காணவில்லை என்று சொன்னார். கலியாணம் அப்படியே நின்றுவிட்டது. ரீச்சர் பொலிஸ், தூதரகம், கோயில் என்று ஏறி இறங்குகிறா. காலையில் நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கதவைத் தட்டினால் ஓடிவந்து திறப்பா. என்னைக் கண்டதும் அந்த முகம் விழுந்துபோகும். அதைப் பார்க்க எனக்கு ஏலாது. அதனால் இப்போது படிக்கட்டு இறங்கும்போதே, "நான்தான் ரீச்சர், நான்தான்" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அந்த வீட்டுக்கு மேல் வீட்டில் இருந்துகொண்டு, பெட்டியை எடுக்க வா மகனே என்று நான் எப்படிச் சொல்லுவேன்?

பெறுமதி தெரியாது என்றாயே. அந்தப் பெட்டி நம்முடைய கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் வந்தபோது நீ என் வயிற்றில் இருந்தாய். அப்பாவுக்குத் துறைமுகத்தில், கப்பல் கம்பனி ஒன்றின் கந்தோரில் வேலை. வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக விட்டுவிட்டுப் போவார்கள். சில கட்டுகள் பிரிக்காமலே கிடக்கும். கந்தோரில் மற்றவர்கள் நாவல்களையும் பளபளப்பான சஞ்சிகைகளையும் பொறுக்கிக்கொள்ள, இவர் ஒருவரும் சீண்டாத படக்கதைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். "பறக்கிற பெடியள்" என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். தான் ஒரு பக்கம்கூட வாசிக்கமாட்டார். பிறக்கப்போகிற பிள்ளை அதைப் பார்த்து இங்கிலிஷ் படிக்கவேண்டும், அதுவும் புதுப் புத்தகத்தில் படிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகத்தான் தேயிலை ஏற்றுகிற பலகைப் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கினார். தேயிலைக்குக் காற்றுப் படக்கூடாது என்று அந்தப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். நமது கடற்காற்று, கதவின் இரும்புப் பிணைச்சலையே கறள் பிடிக்க வைக்கிற காற்று. ஆனால் அந்தப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. நீ எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது எடுத்துக் கொடுங்களேன் என்று நான் சொன்னேன். "இப்ப குடுத்தாக் கிழிச்சுப் போடுவான், கொஞ்சம் வளரட்டும்" என்றார். நீ வளர்ந்தபோது அவர் இல்லை. நாமிருவரும் வெள்ளவத்தைக்கு வந்தபோது லொறியில் முன் சீற்றுக்குப் பக்கத்தில், என் காலடியில், அந்தப் பெட்டிதான் வந்தது.

பிறகு நீயாகவே அதைத் திறந்தாய். திறந்த நாளிலிருந்து வீட்டில் வேறு கதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, போதாதென்று காற்றில் ஆட்டிக் காயவைத்து, என்னுடைய நல்ல வெள்ளை விரிப்பை நிலத்தில் விரிப்பாய். நான் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவுவேன். கேட்கிறேனோ இல்லையோ, நீ எனக்கு வகுப்பு எடுப்பாய். புத்தகத்துக்கு முதலில் முதுகு. முதுகை வெளிச்சத்தில் சரித்துப் பார்க்கவேண்டும். மயிர் மாதிரி ஒரு கோடு விழுந்து அதில் நிறம் உடைந்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. மூலை கூராக இருக்கவேண்டும். நடுவில் குத்திய கிளிப்பில் கறள் இருக்கக்கூடாது. தாள் பேக்கரிப் பாணின் உள்ளுப்பக்கம் மாதிரி வெள்ளையாக இருக்கவேண்டும், பாணின் கரை மாதிரிச் சிவந்தால் போச்சு. எல்லாவற்றையும் பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுவாய். ஒரு தடவை நான் பகிடிக்கு, "அப்ப எனக்கு எத்தினை?" என்றேன். நீ எழும்பி வந்து என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முதுகு கொஞ்சம் கூனல், மூலையெல்லாம் மழுங்கல், ஆனா உள்தாள் வெள்ளை. ஆறு போடலாம்" என்றாய். துருவுபலகையில் இருந்தபடியே நான் சிரித்த சிரிப்புக்கு ரீச்சர் கீழேயிருந்து என்ன என்று கேட்டா. நீ சொன்னது ஒவ்வொன்றும் என் காதில் ஏறியது, மகனே. உனக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது.

அந்தப் பெட்டிக்கு ராசாவாக இருந்தது ஊதாச் சால்வைக்காரன். அட்டையில் இடிந்து விழுகிற ரயில் பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பான். இங்கிலிஷ் பெயர் எனக்கு வாயில் வராது. நான் வைத்த பெயர் பாலந்தாங்கி. அவன் முதல் முதலாக வந்த புத்தகம் அது, அதனால்தான் அதற்கு அத்தனை மரியாதை என்று விளங்கப்படுத்தினாய். ஒன்பதுக்கு மேல் புள்ளி போட்டாய். கொட்டாஞ்சேனையில் பழைய புத்தகமும் தபால் முத்திரையும் விற்கிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அப்பாவைத் தெரிந்த மனிதர், ஒருநாள் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இப்பிடி ஒன்ட நான் படத்துலதான் கண்டீக்கன், தங்கச்சி" என்றார். வெளிநாட்டில் இதற்கு ஆள் இருக்கிறது, இதை நல்லபடி விற்றால் மகன் வெளியில் போய்ப் படிக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். சுற்றிவளைப்பும் கைதும் தினசரிச் செய்தியாக இருந்த அந்தக் காலத்தில், உன்னை இங்கிருந்து வெளியில் எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பாலந்தாங்கிதான். அதை நீ மறந்திருக்கலாம். நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

நானாவுக்கு எல்லாமே "சாமான்". முத்திரையும் சாமான், புத்தகமும் சாமான். "சாமான் சுத்தமா ஈக்கா?" என்றுதான் கேட்பார். அவரோடு பழகி உனக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு அந்த நாளில் இன்னொரு பொருள் இருந்தது. இயக்கப் பெடியள் துவக்கையும் குண்டையும் சாமான் என்பார்கள். அவர்களைத் தேடுகிறவர்களுக்கும் அது தெரியும். நீயோ, விற்பதென்று முடிவானதும், சந்தியிலிருந்த ரெலிபோன் கடையில், கண்ணாடிக் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டு நானாவுக்குச் சொல்கிறாய்: "சாமானை நல்லாச் சுத்தியாச்சு நானா. நாளைக்குக் காலமை பஸ்ஸில கொண்டு வாறன். வழியில ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டன்." நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கே அது உறைக்கவில்லை. அங்கே நின்ற வேறு யாருக்கோ உறைத்திருக்கிறது. யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் நான் உன்னோடு அளந்து அளந்து பேசுகிறேன் என்று நீ குறைப்படுவாய். அந்தப் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

அடுத்த நாள் காலை நீ பாலந்தாங்கியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மட்டை வைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய பலகை கொடுத்து, சுற்றிச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினாய். மடியாமல் கொண்டுபோவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு பொலிஸ்காரனுக்குக் குண்டு என்று தோன்ற வைப்பதற்கும் அதைவிட நல்ல வழி இல்லை. பாலத்தடியில் பஸ்ஸை மறித்து, உன்னை மட்டும் கைகாட்டி இறக்கினார்களாம். மீன் கொண்டுவருகிறவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "அக்கா, தம்பியைப் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார். நான் உடுத்திருந்த சீலையோடு இறங்கினேன். முதலில் நானாவுக்குப் போன் எடுத்தேன். அந்த மனுசன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் பிழை சொல்லியிருக்கமாட்டேன். இதில் அவர் பெயரும் இருந்தது, அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். "நீங்க போங்க தங்கச்சி, நான் வந்துடுறன்" என்றார். சொன்னபடி வந்தார், படக்கதைகளுக்கு விலை போட்ட தடித்த வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

பொலிஸ் நிலையத்தில் பார்சலை மண்மூட்டைக்கு அந்தப் பக்கம் வைத்து, பயந்து பயந்து வெட்டிப் பார்த்து முடித்திருந்தார்கள். நாங்கள் உள்ளே போனபோது பாலந்தாங்கி அங்கே பொறுப்பாக இருந்த பொலிஸ் பெரியவரின் மேசையில் உறையும் இல்லாமல் கிடந்தான். பக்கத்தில் பாதி குடித்த தேத்தண்ணிக் கிளாஸ். நீ சுவரோடு நின்றாய். சப்பாத்தையும் இடுப்புப் பட்டியையும் கழற்றி வாங்கியிருந்தார்கள். காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாய். அம்மா வந்திருக்கிறேன், நீ என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரையும் பார்க்கவில்லை. கிளாஸின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது புத்தகத்தைத் தொட எவ்வளவு தூரம் இருக்கிறது என்று உன் கண் அளந்துகொண்டிருந்தது. நீ பார்ப்பதை அந்த மனிதரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள், சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. "மாத்தயா, மே லமயின்கே பொதக்" என்றேன், ஐயா, இது சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று. அவர் தலையாட்டினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை, களைத்த மனிதராகத் தெரிந்தார். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஏன் பலகை கட்டினான், சாமான் என்று ஏன் சொன்னான் என்று கேட்டார். நானா முன்னுக்கு வந்தார். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. விலைப் புத்தகத்தை விரித்து, இது எத்தனை அரிது, இந்த நிலையில் கிடைப்பது எத்தனை அரிது, இதற்கு வெளியில் என்ன கொடுப்பார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. பெரியவர் பாலந்தாங்கியைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கடதாசிக்கா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. இவ்வளவு சின்னக் கடதாசிக்கு இவ்வளவு பெரிய பணம் என்றால் அந்தப் பணம் வேறு எதற்கோ போகிறது, தான் நம்பினாலும் தனக்கு மேலே இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள், பையனை மேலிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். மேலிடம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போன பிள்ளைகளின் தாய்மாரை எனக்குத் தெரியும்.

நானா இன்னும் ஆதாரம் காட்டப் பக்கம் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீ கீழே கீழே போய்க்கொண்டிருந்தாய். எங்களிடம் இருந்தது உண்மை ஒன்றுதான், அதுவே உன்னை அமுக்கியது. அப்போதுதான் பெரியவர், உள்ளுக்குள் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க, விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார். நீ கத்தினாய். "சேர்! எச்சில் கையால தொடாதேங்கோ!"

வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் துவக்கை நிமிர்த்திப் பிடித்தான். பெரியவரின் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. தன் உயிருக்குப் பயப்படாமல் ஒரு கடதாசிக்குப் பயப்படுகிற பையனை அவர் அன்றைக்குத்தான் காண்கிறார். அந்தப் பார்வையில் கொஞ்ச நஞ்சம் இருந்த இரக்கமும் போய்விட்டது. எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. அந்தப் புத்தகம் பெறுமதியாக இருக்கும்வரை நீ வீட்டுக்கு வரமாட்டாய்.

எட்டி அவர் கையிலிருந்து அதைப் பறித்தேன். சுருட்டினேன். சுருட்டும்போது முதுகு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது, அப்பளம் நொறுங்குகிறமாதிரி மெல்லிய சத்தம். உனக்கும் கேட்டது, உன் முகத்தில் கண்டேன். பிறகு அதாலேயே உன்னை விளாசினேன். முதுகில், தோளில், தலையில். பாதி சிங்களம், பாதி தமிழ், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "படிக்க விட்டா, பால்குடிப் பிள்ளையளின்ர படக்கதையைக் கட்டிக்கொண்டோ திரியுறாய்? மீசை முளைச்ச எருமை! சாமானாம் சாமான்! கொப்பர் இருந்தா உன்னைத் தோலை உரிச்சிருப்பார்!" திரும்பி நானாவையும் விடவில்லை. "உங்களுக்கும் விசரோ நானா? வயசுபோன மனுசன், இந்தக் குப்பைக்கு விலை பேசிக்கொண்டு வாறியள்!" நானா என்னை ஒரு கணம் பார்த்தார். விலைப் புத்தகத்தை மெல்ல மூடினார். பெரியவரிடம் சிங்களத்தில், இது ஒரு பைத்தியம், வெள்ளைக்காரப் பைத்தியம், எனக்கும் பிடித்துவிட்டது என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார். நான் அடிப்பதை நிறுத்தவில்லை. அட்டை ஒரு கிளிப்பிலிருந்து கிழிந்து தொங்கியது. வாசலில் நின்றவன்தான் முதலில் சிரித்தான். பிறகு பெரியவர். "எத்தி நோனா, எத்தி" என்றார், போதும் அம்மணி, போதும் என்று. தன்னுடைய தாயும் இப்படித்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். கூட்டிக்கொண்டு போ என்று உன் சப்பாத்தையும் பட்டியையும் கொடுத்தார்கள். நான் பாலந்தாங்கியை நிலத்தில் எறிந்துவிட்டு உன் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். "நோனா, பொத" என்றார் பெரியவர், பின்னாலிருந்து. புத்தகத்தை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அது எனக்கு வைத்த பரீட்சையோ என்று இன்றைக்கும் யோசிப்பேன். குனிந்து எடுத்திருந்தால், ஒரு தூசியைத் தட்டியிருந்தால், எல்லாம் முடிந்திருக்கும். அது உன் அப்பா கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த புத்தகம். உனக்காக வந்த புத்தகம். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், வேண்டாம், குப்பையில் போடுங்கள் என்றேன். அப்படியென்றால் என் சின்ன மகனுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். முழங்காலில் வைத்து அதை அவர் தட்டி நிமிர்த்துகிற சத்தம் கேட்டது. நாங்கள் றோட்டுக்கு வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வருகிற வழியில் நீ ஒரே ஒரு வசனம்தான் பேசினாய். "அப்பாவின்ர புத்தகம், அம்மா." வாயைத் திறந்திருந்தால் நடு றோட்டில் விழுந்து அழுதிருப்பேன். வீட்டுக் கதவைச் சாத்தியதும் உன் சட்டையைக் கழற்றச் சொன்னேன். நீ முறைத்துக்கொண்டு கழற்றினாய். நீ புத்தகத்தைப் பார்க்கிறமாதிரி நான் உன்னைப் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பி முதுகைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், கை மூட்டுகளை, விரல் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் அடித்த தடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த நாளில் அங்கே போய் அப்படித் திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியுமா? அரிது என்றால் என்ன என்று நீ எனக்குச் சொல்லித் தந்தாய். நான் அதை உன் முதுகில் பார்த்தேன்.

பிறகு வேறு வழியில் உன்னை அனுப்பினேன், அது உனக்குத் தெரிந்த கதை. பிளேன் ஏறுகிறவரைக்கும் சாப்பாடு, தண்ணீர் என்பதற்கு மேல் என்னோடு நீ பேசவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை. கோபத்தோடு போனால் திரும்பிப் பார்க்காமல் போவாய், அது நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். அம்மாவுக்குப் படிப்பில்லை, ஆத்திரத்தில் கையில் கிடைத்ததால் அடித்துவிட்டா என்று இத்தனை காலம் நீ நினைத்துக்கொண்டிருந்தால், அது நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்தது. இப்போது சொல்கிறேன். ஒன்பதுக்கு மேல் புள்ளி எடுத்த புத்தகம் ஒரு சுருட்டலில் இரண்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். நிறம் உடைந்தால் மருந்து கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சுருட்டினேன். தெரியாதவள் என்றால் அதைக் கவனமாக உறைக்குள் போட்டு, நன்றி மாத்தயா என்று சொல்லி, உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பாள்.

இந்த வயதில் உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? ஆனாலும் தாய் என்றால் சொல்லத்தான் செய்வேன். உனக்கு எது உயிரோ அதன் விலையை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்லாதே. விலை சொல்லப் படித்த அளவுக்குச் சொல்லாமல் இருக்கவும் படி. உன் மகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடு, எச்சில் கையால் புரட்டட்டும், கிழிக்கட்டும். உன் அப்பா, வளரட்டும் வளரட்டும் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார், நீ கிழிக்கிற அழகைக் காணவே இல்லை. அந்தப் பொலிஸ் பெரியவரின் மகன் எங்கேயோ இருந்து பாலந்தாங்கியை வாசித்திருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு ஏனோ பெரிய துக்கம் வருவதில்லை. ரீச்சருக்கு ஒரு தடவை போன் எடு. மகனைப் பற்றிக் கேட்காதே, உனக்குக் கணக்குச் சொல்லித் தந்த நாட்களைப் பற்றிக் கதை, அது போதும்.

இனிப் பெட்டியைப் பற்றி. நேற்று அதைத் திறந்தேன். நீ போன நாளிலிருந்து இடைக்கிடை திறந்து பார்க்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, காற்றில் ஆட்டிக் காயவைத்துத்தான் தொடுகிறேன். ஈயத்தாள் ஒரு மூலையில் உரிந்திருந்தது, ஒட்டிவிட்டேன். வெள்ளிக் கையுறைக்காரியை வெள்ளை விரிப்பில் வைத்துச் சரித்துப் பார்த்தேன். நீ கேட்டாயே, மூலை நாலும் கூர். முதுகில் ஒரு கோடு இல்லை. கிளிப் மினுங்குகிறது. தாள் பாணின் உள்ளுப்பக்கம்தான். என் கண்ணுக்கு ஒன்பதரை. உன்னுடைய கண் கூர்மையானது, நீ கொஞ்சம் குறைப்பாய். நாட்டில் நடக்கிற இந்தச் சண்டை என்றைக்காவது முடியும். முடிந்ததும் வா, மகளையும் கூட்டிக்கொண்டு வா, விரிப்பை நானே விரித்து வைக்கிறேன். சண்டை முடியாவிட்டால் வெள்ளிக் கையுறைக்காரி இங்கேயே கிடக்கட்டும், நான் இருக்கும்வரை ஒரு காற்றுப் படாது.

ஆனால் நான் சொன்னதைக் கேட்காமல் இப்போது வந்து இறங்கினாய் என்றால், ஒன்று சொல்லி வைக்கிறேன். நீ கீழே வந்து நின்று அம்மா என்று கூப்பிடும்போது, கதவைத் திறக்க முதல் நான் பெட்டியைத் திறப்பேன். கையைக் கழுவமாட்டேன். மேலே கிடக்கிறவளில் தொடங்கி அடியில் கிடக்கிறது வரைக்கும், அப்பாவின் பறக்கிற பெடியள் அத்தனை பேரையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ராசா. நான் சுருட்டுவேன் என்று உனக்குத் தெரியும்.

அம்மா